பிறந்த தேதி கேட்கும் தேசம்

2025 நவம்பரில் நங்கநல்லூர் வீடுகளுக்கு ஒரு படிவம் வந்தது. வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காகத் தேர்தல் ஆணையம் அனுப்பியது. எல்லார் வாயிலும் அது 'எஸ்.ஐ.ஆர். ஃபார்ம்'. பெயர், புகைப்படம், வாக்காளர் அட்டை எண் எல்லாம் முன்பே அச்சாகியிருந்தன. கீழே இருந்த கட்டங்களில்தான் சிக்கல். முந்தைய தீவிரத் திருத்தம் நடந்த 2002-2005 காலத்துப் பட்டியலில் நம் பெயரோ, பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருந்தது என்று எழுத வேண்டும்.

நங்கநல்லூர்க்காரர்களுக்கு இது சுலபமான கேள்வி அல்ல. இங்கே பெரும்பாலோர் வேறெங்கிருந்தோ வந்து மனை வாங்கி வீடு கட்டியவர்கள். சிவில் ஏவியேஷன் காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி என்று பெயரைச் சொன்னாலே யார் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கிளம்பி, மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் வாடகை வீடுகளில் இருந்து, கடைசியில் பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் சொந்தமாக நாலு சுவர் எழுப்பியவர்கள். 2011 வரை இந்த ஊர் சென்னை மாநகராட்சியில்கூடச் சேரவில்லை, ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. பெற்றோர் இப்படி வந்து சேர, பிள்ளைகள் பக்கத்து மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிவிட்டார்கள். முப்பத்திரண்டு அடி ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொள்பவர்களிடம் கேட்டால், விசா கிடைக்க வேண்டும் என்பதும் அந்த வேண்டுதல்களில் ஒன்றாக இருக்கும்.

இந்து காலனிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மூன்று படிவங்கள் வந்திருந்தன. வீட்டுக்காரருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. மகன் நியூஜெர்சியில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருடங்களாகிவிட்டன. பட்டியலில் மட்டும் பெயர் இருந்துகொண்டே இருந்தது. கல்லூரிக் காலத்துப் புகைப்படம், மெல்லிய மீசையோடு. "இவர் இங்கே இல்லைன்னா எழுதிக் குடுத்திடுங்க சார், நான் இடம் மாறினவர்னு குறிச்சுக்கறேன்" என்று பூத் லெவல் அலுவலராக வந்த அங்கன்வாடி ஊழியர் சொன்னார். சட்டப்படி அது சரி. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது என்று அரசியல் சாசனத்தின் 9ஆவது பிரிவே சொல்கிறது. அப்பா ஒத்துக்கொண்டார். அம்மாதான் படிவத்தைக் கொடுக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். "பேரை எடுத்துட்டா அவன் இந்த ஊர்க்காரனே இல்லேன்னு ஆயிடுமோன்னு இருக்கு" என்றார். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று கணக்கு. இந்த மகனின் பெயரும் அதில் சேர்ந்துபோனது.

ஆனால் அந்த அம்மா பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. மகனிடம் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 2006இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம், வேலை பார்க்கலாம். வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அரசியல் சாசனப் பதவிகளில் அமர முடியாது. போனவனை முழுக்கக் கைவிடாமல் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிற சட்டம் இது. நல்ல சட்டம் என்றுதான் நான் சொல்வேன். ஒருவன் எங்கே உழைத்து வரி கட்டினாலும், அவன் வளர்ந்த தெருவுக்கும் அவனுக்கும் உள்ள உறவு பாஸ்போர்ட்டோடு முடிந்துபோவதில்லை என்பதை இந்த நாடு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இந்தத் தாராளம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று பார்க்க, அதே எஸ்.ஐ.ஆர். ஆவணங்களில் இருக்கும் இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டும். பழைய பட்டியலோடு பெயரைப் பொருத்த முடியாதவர்கள் என்ன சான்று தர வேண்டும் என்று அதில் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவரானால் தன் சான்று மட்டும் போதும். அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவரானால் தாய் தந்தையரில் ஒருவருடைய சான்றும் வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவரானால் இருவருடையதும் வேண்டும். இந்தத் தேதிகளைத் தேர்தல் ஆணையம் தானாக வைக்கவில்லை. குடியுரிமைச் சட்டத்திலிருந்து எடுத்தவை அவை.

1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் எழுதப்பட்டபோது கணக்கு எளிமையாக இருந்தது. தூதரக அதிகாரியின் பிள்ளை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் இந்தியர். தாய் யார், தந்தை யார், எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி இல்லை. 1986இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். திருத்தம் வந்த 1986, அசாம் ஒப்பந்தம் முடிந்த மறு வருடம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் படகு படகாக ராமேஸ்வரம் கரையில் இறங்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. திருத்தத்துக்கு அன்றைய அரசு சொன்ன காரணங்களில் வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து வருவோர் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டார்கள். நம் தமிழ்நாட்டுக் கடற்கரையைப் பார்த்து எழுதப்பட்ட தேதி அது என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வேறு சில நாடுகளிலும் அந்தப் பத்தாண்டில் கதவுகள் சாத்தப்பட்டன. பிரிட்டன் 1983 ஜனவரி 1 முதல் பிறப்பால் மட்டும் குடியுரிமை தருவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 1986 ஆகஸ்ட் 20 முதல். நாம் அடுத்த வருடம். பேரரசு கலைந்து, அதன் பழைய குடிகள் தலைநகரை நோக்கி வரத் தொடங்கியதும் பிரிட்டன் பூட்டுப் போட்டது. நாமோ, ஒரு காலத்தில் அதே பேரரசு ஏற்றி அனுப்பிய மக்களும் அவர்களுடைய அண்டை அயலாரும் திரும்பி வந்தபோது பூட்டுப் போட்டோம்.

அந்தத் தேதி ஒரு மனுஷியின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தந்த தீர்ப்பைப் படிக்கலாம். மண்டபம் அகதிகள் முகாமில் 1986இல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். அதிகாரிகள் மறுத்தார்கள். அவருடைய பெற்றோர் இலங்கை அகதிகள். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், சட்டத்தைப் பார்த்தார். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர், ஆகவே பிறப்பாலேயே இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் வாக்களித்தார். அவருக்கு 1987 ஜூலைக்குப் பிறகு ஒரு தம்பியோ தங்கையோ அதே முகாமில், அதே மருத்துவமனையில் பிறந்திருந்தால், அவர் வெளிநாட்டவர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் இந்தியர், மற்றவர் அந்நியர்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்து வாழ்பவர்கள் இன்னும் முப்பதாயிரத்துக்கு மேல். நங்கநல்லூரிலிருந்து மிகத் தூரத்தில் அல்ல. வடக்கே புழலில் ஒரு முகாம், கும்மிடிப்பூண்டியில் ஒரு முகாம். அரசு 2021இல் அவற்றின் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, புதிய வீடுகள் கட்டத் தொடங்கியது, மாதப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தியது. இவை நல்ல மாற்றங்கள். ஆனாலும் ஆள் கணக்குப் பார்க்கும் செக்கிங் நாளில் வருவாய்த் துறை அலுவலர் முன் ஆள் நேரில் நின்றாக வேண்டும். ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவரும் நிற்க வேண்டும், வெளியூரில் பெயிண்டிங் வேலைக்குப் போனவரும் ஓடி வர வேண்டும். இந்த முகாம்களிலிருந்து இன்ஜினீயரிங் முடித்தவர்கள் நிறைய உண்டு. அரசுத் தேர்வு எழுத முடியாது, பாஸ்போர்ட் கேட்கிற கம்பெனியில் சேர முடியாது. படித்துவிட்டு, அப்பா பார்த்த பெயிண்டிங் வேலைக்கே போனவர்களும் உண்டு.

2003ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தப் பூட்டின் மேல் இன்னொரு பூட்டாக வந்தது. நாடு விட்டுப் போனவர்களுக்கு ஓ.சி.ஐ. தந்த அதே சட்டம்தான், செல்லத்தக்க பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் எல்லாரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வகுத்தது. அப்படி வகுக்கப்பட்டவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தாலும் பதிவின் மூலமோ, நீண்ட காலக் குடியிருப்பின் மூலமோ குடியுரிமை கேட்க முடியாது. குண்டு விழும் ராத்திரியில் மன்னாரிலிருந்து படகேறியவர் எந்த அலுவலகத்தில் போய் விசா வாங்கியிருப்பார்? இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. அதனால் நம் சட்டப் புத்தகத்தில் அகதி என்று ஒருவரே இல்லை. குடிமகன் உண்டு, வெளிநாட்டவர் உண்டு, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் மலையகத் தமிழர் கதை. தோட்டத் தொழிலுக்காக திருச்சி, ராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைக்குப் போனவர்களின் வாரிசுகள் அவர்கள். 1947 தேர்தலில் இலங்கை நாடாளுமன்றத்துக்கு ஏழு உறுப்பினர்களை அனுப்பியிருந்தது இலங்கை இந்தியக் காங்கிரஸ். 1948இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டம், தந்தை அந்த மண்ணில் பிறந்ததற்கோ, தந்தைவழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. தோட்டத்து லயத்து அறையில் பிறந்தவனிடம் ஏது சான்று? 1952 தேர்தலில் அந்த ஏழு பேருக்குப் பதில் ஒருவர்கூட இல்லை. தமிழ் காங்கிரஸிலிருந்து எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இந்தச் சட்டமும் காரணம். இன்று மலையகத் தமிழரின் உரிமையைப் பறிப்பவர்கள் நாளை நம்முடையதையும் பறிப்பார்கள் என்று அவர் எச்சரித்தார்.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்களாக நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாரிடமும் எங்கே இருக்க விருப்பம் என்று கேட்ட பிறகு போட்ட கணக்கு அல்ல அது. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்கள். 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போயிருந்த குடும்பங்கள், போர் வந்ததும் அங்கிருந்தும் கிளம்பி அகதிகளாக இந்தியா வந்தார்கள். தாத்தா திருச்சி ஜில்லாவிலிருந்து கண்டிக்குப் போனவர். பேரன் அதே திருச்சியில், கொட்டப்பட்டு முகாமில், வெளிநாட்டவர் என்று பதிவேட்டில் இருக்கிறான். இப்படிப்பட்டவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் நீதிபதி சுவாமிநாதன், அவர்களுடைய இந்திய வம்சாவளியை மறந்துவிட்டு வெறுமே சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளிவிடக் கூடாது என்றும், விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வருடம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்துக்கள், சீக்கியர்கள், பௌத்தர்கள், சமணர்கள், பார்சிகள், கிறிஸ்தவர்கள் ஆகியோர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படமாட்டார்கள் என்றது. இஸ்லாமியர் இல்லை. இலங்கையும் இல்லை. மாநிலங்களவையில் 125க்கு 105 என்று அது நிறைவேறியபோது அந்த 125இல் தமிழ்நாட்டிலிருந்து போன அ.தி.மு.க. உறுப்பினர்களின் வாக்குகளும் அடக்கம். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரித் தீர்மானம் போட்டது.

இந்தத் தகராறு புதிதல்ல. 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் குடியுரிமைப் பிரிவுகள் விவாதத்துக்கு வந்தபோது, வேறு நாட்டுக் குடிமகனாக இல்லாத எந்த இந்துவும் சீக்கியரும் எங்கிருந்தாலும் இந்தியராக வேண்டும் என்று பி.எஸ். தேஷ்முக் வாதாடினார். அதற்கு மறுமொழி சொன்னவர்களில் ஒருவர் மயிலாப்பூர்க்காரர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். இனம், மதம் என்ற அடிப்படையில் ஒருவகை மனிதருக்கும் இன்னொரு வகை மனிதருக்கும் வேற்றுமை காட்ட நம்மால் முடியாது, நாம் ஏற்றுக்கொண்ட கொள்கைகள் அதற்கு இடம் தரா என்பது அவர் பேச்சின் சாரம். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். டெல்லியில் அகதிக் கூடாரங்கள் நின்றுகொண்டிருந்தன. அந்த நிலைமையில் அப்படிப் பேச ஒரு நெஞ்சுறுதி வேண்டியிருந்தது. சபையும் அவர் பக்கமே நின்றது. அதனால்தான், இலங்கை என்ற ஒரு சொல்லை 2019 சட்டத்தின் நாடுகள் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும் என்ற கோரிக்கையோடு என்னால் முழுக்க உடன்பட முடியவில்லை. வன்னியிலிருந்து வந்தவர் எந்தக் கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகிறார் என்பது அவருடைய உரிமையைத் தீர்மானிக்கக் கூடாது.

நங்கநல்லூர் இதையெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லாத செய்தியாகப் படிக்க முடியாது. அமெரிக்கா பிறப்புரிமைக் குடியுரிமையை 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தத்திலிருந்து காத்து வருகிறது. 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற கையோடு டிரம்ப் போட்ட உத்தரவு, தற்காலிக விசாவில் இருக்கும் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை என்றது. நீதிமன்றங்கள் அதற்குத் தடை போட்டன. ஆனால் அந்த வாரங்களில் பிரசவத்துக்குப் போகத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்த இங்கத்து மாமிகள் பட்ட பதற்றம் நிஜம். பிப்ரவரி 19க்கு முன்னால் குழந்தை பிறந்துவிடுமா என்று நாள் எண்ணினார்கள். அந்தக் கணக்கு எத்தனை கொடுமையானது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு விஷயமும் அப்படியே. நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற வரம்பினால், 2013இல் வரிசையில் நின்ற இந்தியர்களின் முறை 2025இல்தான் வந்துகொண்டிருந்தது. மூன்று வயதில் அப்பா அம்மாவோடு போன பிள்ளைக்கு, முறை வருவதற்குள் இருபத்தொன்று ஆகிவிட்டால், அது பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும். வேறு விசா கிடைக்கவில்லை என்றால், பேச்சும் பழக்கமும் சிநேகிதமும் எல்லாம் அமெரிக்காவாக இருக்கிற அந்தப் பிள்ளை, தனக்குத் தெரியாத ஒரு நாட்டுக்குக் கிளம்ப வேண்டும்.

புழல் முகாமில் பிறந்து, புழலிலேயே படித்து, யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டும் பார்த்த பெண்ணிடம் 'உன் நாட்டுக்குப் போ' என்று சொல்வதும் அதே விஷயம். முன்னதற்காகக் கண் கலங்குகிற வீடுகள் பின்னதைப் பற்றிப் பேசுவதே இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற ஒரு ஊர், இந்தத் துயரத்தை மற்றெல்லாரையும்விட முதலில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய ஊர் அல்லவா?

அப்படி அடையாளம் கண்டுகொண்ட ஊர் ஒன்று உண்டு: ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பிலோயீலா என்று ஒரு சின்ன ஊர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் ஈழத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் அதிகாலை வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பெண் குழந்தைகளும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். அந்த நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அது எடுபடவில்லை. கிறிஸ்மஸ் தீவில் வருடக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள், தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர்கள், விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், ஊர்வலம் போனார்கள், தேர்தலில் கேள்வி கேட்டார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. சட்டம் மாறவில்லை. இவர்கள் எங்களவர்கள் என்று ஊர் பிடிவாதமாகச் சொன்னதில் அரசு இறங்கி வந்தது.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மக்கள் தொகை, எல்லைப் பாதுகாப்பு ஆகிய கவலைகளை அலட்சியப்படுத்த முடியாது. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் வாய்மொழியாகச் சொன்னது. 140 கோடிப் பேரோடு திணறும் நாடு என்றும் சொன்னது. ஆனால் இங்கே நாம் பேசுவது இனி வரப்போகிறவர்களைப் பற்றி அல்ல. நாற்பது வருடமாக அரசே பெயர் எழுதி, செக்கிங் நடத்தி, ரேஷன் கொடுத்து, பள்ளியில் சேர்த்த மக்களைப் பற்றி. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குள். முகாம்களில் எல்லாருமே இந்தியக் குடியுரிமையை விரும்புகிறார்கள் என்பதும் இல்லை. ஊருக்குத் திரும்பி நிலத்தை மீட்க வேண்டும் என்று இருக்கிற பெரியவர்கள் உண்டு. 2009க்குப் பிறகு திரும்பியவர்களும் உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும் என்பதே கோரிக்கை. 1964இல் அவர்களில் பலருடைய பாட்டன்மாருக்குக் கிடைக்காதது அது.

2025 செப்டம்பர் 1 அன்று குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9க்குள் இந்தியா வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று இருக்கிறது. முகாம்களில் பலர் இதைக் குடியுரிமை என்றே நினைத்து ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொண்டார்கள். இது குடியுரிமை அல்ல, தண்டனையிலிருந்து விலக்கு மட்டும். ஆனால் இதற்கு முன்மாதிரி ஒன்று உண்டு. பாகிஸ்தானிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த ஆறு சமயத்தாருக்கும் 2015 செப்டம்பரில் முதலில் கிடைத்தது இதே போன்ற ஒரு விலக்குதான். அந்த விலக்கின் மேல் நின்றே நாலு வருடம் கழித்து நாடாளுமன்றம் அவர்களுக்குக் குடியுரிமைக் கதவைத் திறந்தது. இலங்கைத் தமிழர்களுக்கு முதல் படி பத்து வருடம் தாமதமாக வந்திருக்கிறது. இரண்டாவது படிக்கான மசோதாவை எந்தக் கட்சி கொண்டுவரும் என்று ஆலந்தூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேட்கலாம். முகாமில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. கேட்க வேண்டியவர்கள் ஓட்டு இருக்கிற நாம்.